பாக்பெங்கில் விட்ட கூறை

எங்கள் கூறைச் சேலைக் கதையை இப்போது ஓக்லாந்து முழுக்கப் பகிடியாகச் சொல்லித் திரிகிறார்கள். போன சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாம் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒருத்தி கிட்ட வந்து, “அக்கா, லாவோசிலை கூறையை விட்டிட்டுப் போனது நீங்கள்தானே?” என்று பல்லைக் காட்டினாள். நான் வெண்டிக்காயைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பகிடி பண்ணுகிறவர்களுக்கு என் மனுசனைத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் ஆனந்தராசா. இந்த நகரத்தில் இருபத்தொரு வருடமாக பஸ் ஓடுகிறார். அகதியாக வந்து இறங்கியபோது கையில் ஒரு பையும் பாதி ஆங்கிலமும்தான். மூன்று வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் குளிரில் நின்றார், பிறகு பஸ். பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் கதவைச் சாத்த மாட்டார். பேச்சு குறைவு. ஆனால் ஒன்றைச் சொன்னால் அது அப்படியேதான் இருக்கும். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்கு ரானுயியில் எங்கள் வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்கும். கலியாணம் கட்டின முப்பது வருடத்தில் இந்த மனுசன் ஒரு பொய் சொல்லி நான் பிடித்ததில்லை.

மகள் லக்ஷிகா மருந்தாளராக வேலை செய்கிறாள். அவள் விரும்பியது அகிலை. தமிழ்நாட்டுப் பெடியன், நல்ல குணம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் தகப்பன் சுந்தரமூர்த்தி கோயம்புத்தூர்க்காரர், பிளாட் புஷ்ஷில் வீடு, கணினிக் கம்பெனியில் பெரிய பதவி. முதல் நாள் பேச வந்தபோது, “சார் என்ன பண்றீங்க?” என்று கேட்டார். “பஸ் ஓடுறன்” என்றார் இவர். சுந்தரமூர்த்தி, “ஓ, ட்ரான்ஸ்போர்ட் லைன்ல இருக்கீங்க” என்று மனைவி மரகதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பஸ் ஓட்டுகிறவன் என்று சொல்ல அவருக்கு வாய் கூசியது போல. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

அவர்கள் போன பிறகுதான் வாயைத் திறந்தார். “எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், சரோ. பிள்ளை போற வீட்டிலை என்னை ஒரு ஆளா மதிச்சாப் போதும்.” அந்த ஒரு ஆசையோடுதான் அவர் அந்தக் கண்டறியாத பயணத்துக்கே வந்தார்.

கலியாணத்தை லாவோசில் லுவாங் பிரபாங்கில் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மற்ற ஆட்கள் எல்லோரும் விமானத்தில் நேரே போய் இறங்கினார்கள். நாங்கள் சம்பந்திகள் நாலு பேர் மட்டும் தரையாலும் ஆற்றாலும் போனோம், ஏனென்றால் சுந்தரமூர்த்தி இணையத்தில் யாரோ போட்ட படகுப் படத்தைப் பார்த்துவிட்டார். “ரெண்டு குடும்பமும் ஒண்ணா டிராவல் பண்ணா நல்லா பழகிக்கலாம் சம்பந்தி” என்றார். கணினியில் ஒரு அட்டவணை போட்டு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறம் தீட்டி, எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார். எந்த நேரத்தில் தண்ணீர் குடிப்பது என்றுதான் அதில் இல்லை.

வெளிக்கிடும்போது கூறைப் பையை யார் காவிக்கொண்டு போவது என்ற கேள்வி வந்தது. கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மரகதம்தான் எடுத்திருந்தாள், நல்ல அரக்குச் சிவப்புப் பட்டு. எங்கள் வழக்கத்தில் பெண் வேறு சேலையோடு மணவறைக்கு வந்து, கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் தாலி ஏறும். கூறை இல்லையென்றால் தாலி இல்லை. “அந்தப் பை என்ர பொறுப்பு” என்று இவர் முன்னுக்கு வந்து வாங்கினார். சுந்தரமூர்த்தியும் சந்தோசமாகக் கொடுத்தார்.

முதல் நாள் தாய்லாந்தின் வடக்கு முனையிலிருந்து வான் வண்டியில் எல்லைக்குப் போனோம். அட்டவணையில் எல்லைக்கு நாற்பத்தைந்து நிமிடம், பச்சை நிறம். எங்களுக்கு எடுத்தது நாலு மணித்தியாலம். ஒரு யன்னலில் படம் கேட்டார்கள், அடுத்த யன்னலில் அதே படிவத்தைத் திரும்ப நிரப்பச் சொன்னார்கள், மூன்றாவது யன்னலில் ஆளே இல்லை, சாப்பிடப் போய்விட்டார். சுந்தரமூர்த்தி அட்டவணையைத் திருத்திக்கொண்டே நின்றார். இவர் நாலு பேருடைய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கூறைப் பை தோளில் தொங்கியது.

அடுத்த நாள் படகு. சுந்தரமூர்த்தி பார்த்த இணையப் படத்தில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். நேரில் நூற்றுக்கு மேல் சனம், பழைய வான்களில் கழற்றிய சீற்றுகள், அவையும் பலகையில் பூட்டாமல் சும்மா வைத்தபடி. இவர் உட்கார்ந்து அசைத்துப் பார்த்துவிட்டு, “இது டொயோட்டா” என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். எஞ்சின் சத்தத்தில் காது அடைத்தது, கழிப்பறைக்கு ஒன்பது பேருக்குப் பின்னால் நின்றேன், இரண்டு பக்கமும் ஒரே மலை, ஒரே மரம், ஒரே மண்ணிறத் தண்ணீர். அந்த மேகொங் ஆறு பெரிய அழகு என்று சொல்கிறார்கள். இருக்கலாம், எனக்கு இடுப்பு வலித்தது.

பெட்டிகளையெல்லாம் படகின் தரைப் பலகையைத் தூக்கி அடியில் போட்டார்கள். கூறைப் பையை மட்டும் இவர் விடவில்லை. ஏழு மணித்தியாலமும் மடியில் வைத்திருந்தார். மரகதம், “அண்ணா, கொஞ்சம் குடுங்க, நான் வச்சுக்குறேன்” என்று கேட்டதற்கும் கொடுக்கவில்லை. பின்னேரம் பாக்பெங் என்ற சின்ன ஊரில் படகு நின்றது. எல்லோரும் அங்கே தங்கி, காலையில் வேறு படகில் போக வேண்டும்.

காலையில் நடந்ததை விளக்கமாகச் சொல்கிறேன். விடியவே கூலிக்காரர் வந்து எங்கள் பெட்டிகளை ஆற்றங்கரைக்கு இறக்கிவிட்டார்கள். நானும் மரகதமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். விடுதியில் ஆண்கள் இரண்டு பேரும்தான். இவருக்கு சீற் பிடிக்கிற யோசனை, எனக்கு இடுப்பு வலியென்று முன்வரிசை வேண்டுமாம். கூறைப் பையை எங்கள் அறைக் கட்டிலில் வைத்துவிட்டு, குளியலறைக்குள் நின்ற சுந்தரமூர்த்திக்குக் கேட்கும்படியாகக் கதவில் தட்டிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போன இடத்தில் சனம் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தது. நாலு சீற்றில் துவாயை விரித்துவிட்டு அவரால் நகர முடியவில்லை. நானும் மரகதமும் கடையிலிருந்து நேரே படகுக்கு வந்தோம். கடைசியாக சுந்தரமூர்த்தி வந்தார். பையை அவர் கொண்டுவந்திருப்பார் என்று இவர் நினைத்தார். பையை இவர் கொண்டுவந்திருப்பார் என்று அவர் நினைத்தார். படகு வெளிக்கிட்டது.

பதினொரு மணிபோல மரகதத்துக்கு ஒரு பயம் வந்தது. “அடியில தண்ணி கசியுதாம். பட்டு நனைஞ்சிடப் போகுது, ஒரு தடவை பாத்துடலாங்க” என்றாள். படகுக்காரன் பலகையைத் தூக்கினான். பெட்டிகள் எல்லாம் இருந்தன. கூறைப் பை இல்லை.

“சம்பந்தி, நீங்கதானே கீழ போட்டீங்க?” என்றார் சுந்தரமூர்த்தி.

“நான் போடேல்லை. நீங்களெல்லோ கொண்டுவந்திருப்பியள் எண்டு நினைச்சன்.”

“போட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“என் காதால கேட்டேன் சார். கதவைத் தட்டிச் சொன்னீங்க.” இவ்வளவு நேரமும் சம்பந்தி, இப்போது சார். பக்கத்துச் சீற்றில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். “மறந்துட்டேன்னு சொன்னாப் போச்சு. யாருக்கும் ஆகும். ஆனா சொல்லவே இல்லைங்கறது சரியில்ல.”

“சொல்லாததைச் சொன்னது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?” என்றார் இவர். குரல் உயரவில்லை.

அதற்குப் பிறகு சுந்தரமூர்த்தி செய்த வேலையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். குனிந்து இவருடைய பெட்டியைத் திறந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. இவருடைய சேட்டு, சாரம், உள்ளுடுப்பு எல்லாவற்றையும் நூறு பேருக்கு முன்னால் கிளறினார். “ஏங்க, விடுங்க” என்று மரகதம் அவர் கையைப் பிடித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளறியதை மடித்து வைக்கவும் இல்லை. இவர் குந்தியிருந்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

கைபேசிக்கு சிக்னல் இல்லை, இறங்கிய இடத்தில் தேடிப் பிடித்த விடுதியின் பெயர்கூட ஒருவருக்கும் நினைவில்லை, படகுக்காரனோ திரும்ப முடியாது என்று கையை விரித்துவிட்டான். மூன்று மணித்தியாலம் ஒருவரோடொருவர் கதைக்காமல் இருந்தோம். மரகதம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பிறகு சுந்தரமூர்த்தி என் பக்கம் திரும்பி, நியாயம் கேட்பதுபோல, “நீங்களே சொல்லுங்கம்மா. ‘கூறைப் பை இருக்கு, நான் படகு அடிக்குப் போட்டு வாறன்’. இதான் அவர் சொன்ன வார்த்தை. இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. படகடி என்றால் எங்களுக்குப் படகுப் பக்கம். போட்டு வாறன் என்றால் போய்விட்டு வருகிறேன். கூறைப் பை இங்கே இருக்கிறது, நான் படகுப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்றுதான் இவர் சொல்லியிருக்கிறார். அந்த மனுசனுக்கு அது, படகின் அடியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறது. பேசுவது இரண்டு பேரும் தமிழ். இதற்கு ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் கூறை இவருடைய மடியில் இருந்திருக்கும்.

நான் விளங்கப்படுத்தியதும் சுந்தரமூர்த்தி வாயைப் பிளந்தார். “அட கடவுளே, போட்டுன்னா போயிட்டா?” என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மரகதமும் கண்ணீரோடு சிரித்தாள். “சாரி சம்பந்தி, நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்” என்று இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். “பரவாயில்லை” என்றார் இவர்.

பின்னேரம் லுவாங் பிரபாங்கில் இறங்கினோம். கலியாணத்துக்கு இடையில் ஒரு நாள்தான். யாரையாவது அனுப்பலாம் என்று அகில் சொன்னதை இவர் கேட்கவில்லை. “பை என்ர பொறுப்பு” என்று விடியற்காலை வான் பிடித்து மலைப்பாதையால் ஐந்து மணித்தியாலம் போனார், ஐந்து மணித்தியாலம் வந்தார். விடுதிக்காரி பையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாளாம். அன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் பிள்ளையோடு இருந்து மருதோன்றி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் மட்டும் இல்லை. பொழுது படும் நேரம் முகமெல்லாம் புழுதியோடு வந்து மரகதத்தின் கையில் பையைக் கொடுத்தார். அடுத்த நாள் நல்ல நேரத்தில் என் பிள்ளை கூறை உடுத்து வந்தாள், தாலி ஏறியது.

அதோடு முடிந்திருக்கலாம். இங்கே திரும்பி வந்து பிளாட் புஷ்ஷில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு வைத்தார்கள். சுந்தரமூர்த்தி மைக்கைப் பிடித்தார். போட்டு வாறன் கதையை இரண்டு குரலில் நடித்துக் காட்டினார். இருநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெட்டியைக் கிளறிய கதை அதில் இல்லை. இவர் மேடையில் மாலையோடு இருந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சேலையைக் கூட மாற்றாமல் நான் கத்தத் தொடங்கினேன். “அந்தாளுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கே? மூண்டு மணித்தியாலம் உங்களைப் பொய்யனாக்கி வைச்சிட்டு இப்ப பகிடி விடுறார். உங்களைத் தெரியாதே அவருக்கு? இனி அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டன்.” இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

மேலே எழுதும்போது ஒன்றை நான் விட்டுவிட்டேன். படகில் சுந்தரமூர்த்தி பெட்டியைத் திறக்க முன்பே, எல்லோருக்கும் முன்னால், நான் இவரைப் பார்த்து, “உண்மையைச் சொல்லுங்கோப்பா, பையை எங்க விட்டனீங்கள்?” என்று கேட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் அந்த மனுசனுக்குப் பெட்டியில் கை வைக்கத் துணிவு வந்தது. இவர் அதை ஒரு நாளும் எடுத்துப் பேசவில்லை. அதனால் நானும் மறந்ததுபோல இருந்தேன்.

சப்பாத்து இரண்டையும் கதவடியில் சோடியாக வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.

“அவருக்கு என்ர தமிழ் விளங்கேல்லை, சரோ,” என்றார். “உமக்கு விளங்கும்தானே.”

நாளைக்கு வேலை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் சேலையோடு அப்படியே கதிரையில் இருந்தேன்.