அக்கா தந்த மட்டிக் கன்று

வளர்ந்த வாழையைத் தோண்டி எறியச் சொல்லிவிட்டு, அதே வீட்டில் சிரித்த முகத்தையும் எதிர்பார்ப்பதுதான் எங்கள் தோட்டக்கலைத் துறை உத்தியோகம். ஊர் ஊராக அரசாங்கத்தின் அறிவுரையைச் சுமக்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா!

உறவோடு வந்த நோய்

பூதப்பாண்டிப் பக்கம் தங்கையன் அண்ணனின் மட்டி வாழைத் தோட்டத்தில் ஒரு வாழைக்கு முடிக்கொத்து நோய். இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது, மருந்தும் கிடையாது. அசுவினிப் பூச்சி அதைத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சியைக் கொன்று, கிழங்கோடு தோண்டியே ஆகவேண்டும் என்றேன்.

எங்கள் பக்கத்தில் நல்ல மட்டிக் கன்றைக் காசுக்கு வாங்குபவர் யார்? சொந்தக்காரர் கொடுப்பார், நாம் நடுவோம். இதுவும் திருவட்டாற்றில் இருக்கும் அவருடைய அக்கா கொடுத்ததுதான். அண்ணன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“எனக்க அக்கா தந்த கன்னைத் தோண்டிப் போட்டுட்டு, அவளுக்க மொவ கல்யாணத்துக்கு எந்த மொவத்தோட போவேன்?”

மொட்டை வாழை

அடுத்த வாரம் போனால், கொத்து இலைகளையெல்லாம் சீவி எறிந்து வாழையை மொட்டையாக நிறுத்தியிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! தலையைச் சிரைத்தால் நோய் போய்விடுமா? பக்கத்துத் தோட்டத்து ரோசம்மாள் வேலிக்கு அப்பால் நின்று திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மட்டியெல்லாம் குலை தள்ளும் பருவம். அசுவினிக்கு வேலி ஏது? அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். மேலதிகாரி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“பிரசுரம் கொடுத்தாச்சுல்லா? விடுங்கம்மா, உங்க தோட்டமா அது?”

எல்லை தாண்டி

நான் விடுவதாக இல்லை. திருவட்டாறு என் எல்லைக்குள் வராது. விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அக்கா செல்வபாயின் தோட்டத்திலும் அதே கொத்து இலை. காட்டினேன். பார்த்தவர், தன் வாழைகளைத் தோண்ட அங்கேயே ஆள் சொல்லிவிட்டு, என்னோடு கிளம்பிவிட்டார்.

பூதப்பாண்டி வந்ததும் தம்பியின் கையிலிருந்த மண்வெட்டியை வெடுக்கென்று பிடுங்கினார். “நான் தந்தது, நானே எடுக்கேன். மண்ணெண்ணெய் கொண்டாலே!” தம்பி அசைவதற்குள் ரோசம்மாள் வேலிக்கு மேலே கேனை நீட்டிவிட்டார். கிழங்கு வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வபாய் கையை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கல்யாணத்துக்கு நீங்களும் வரணும் மேடம். ஆனா அங்க வந்து வாழையைப் பத்தி வாயைத் திறக்கப்பிடாது, கேட்டீங்களா?”

போனேன், வாயைத் திறக்கவில்லை. பந்தல் வாசலில் கட்டியிருந்த குலைவாழையின் இலையைப் புரட்டிப் பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே!