கோயிலை மட்டும் கேட்ட மேனேஜர்

வேலை கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்று உலக நாடுகளுக்கு நம் நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது. அது காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்கும் ஆய்வுக்குழுவில் வேலை செய்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்; அந்த வாக்கை நம்பினேன்.

ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு தையல் ஆலைக்கு ஆய்வுக்குப் போனேன். அதன் மேனேஜர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். பேசும்போது தோளில் கைபோட்டுக்கொள்வார்.

"இங்க யாரையும் சாதி கேக்குறதில்ல தம்பி."

அப்போது கணக்கு வேலைக்கு அலங்காநல்லூரிலிருந்து பி.காம். படித்த பெண்ணொருத்தி வந்தாள். சான்றிதழைத் தொடாமலே, "ஊர்ல ஒங்களுக்கு எந்தக் கோயில்மா?" என்றார். ஆசையாய்ச் சொன்னாள்.

"நல்லதும்மா. பேக்கிங்ல சேந்துக்க."

அடுத்து வந்தவளும் அதே ஊர், அதே படிப்புதான்; கோயில் வேறு. கணக்கு வேலை அவளுக்குக் கிடைத்தது.

"இது பாகுபாடு இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"கோயிலக் கேட்டதா? சரி, ஒங்களுக்கு எந்தக் கோயிலு?"

சொன்னேன். முதல் பெண் கும்பிடும் அதே சாமி. தோளிலிருந்து கை இறங்கியது. அங்கேயே என் குழுத் தலைவருக்குப் போன் போட்டார்.

"நடுநிலையான ஆளா அனுப்புங்க சார். இவரு சொந்தக்காரப் புள்ளைக்காகப் பேசுறாரு."

மறுவாரம் வேறொருவர் போய், குறையேதும் இல்லை என்று எழுதினார்.

போன் போட்ட அன்றே, நான் கிளம்பியபோது மேனேஜர், "வெயிலு இம்புட்டு கொளுத்துது, மோர் குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று நிறுத்தினார். டம்ளரை ஏந்தி வந்தவள் அந்த பி.காம். பெண்.

"வாங்கிக் குடிங்க, ஒங்க ஆளுதானே!"

சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளிகூடப் பகை இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.