தொலைந்த பல்லும் பெர்சிஸ் மிஸ்ஸும்

பெர்சிஸ் என்று பெயரைச் சொன்னதும் ஹைதராபாதில் பாதிப் பேர் கேட்பது, "நீங்க பார்சியா?" என்பதுதான். இல்லை, இது பைபிளில் வரும் பெயர், நாங்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து மெட்டுகுடாவிலேயே தங்கிவிட்டோம் என்று விளக்கி விளக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

படித்து முடித்ததும் செகந்திராபாதில் ஒரு மிஷன் பள்ளியில் சேர்ந்தாள். ஒரே வகுப்பில் அறுபது பிள்ளைகள். தொண்டை கட்டிப்போய், வீட்டுக்கு வந்தால் சைகையில்தான் பேசுவாள். அப்புறம் மஸ்கட்டில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் ஆறு வருஷம் இருந்தாள். அங்கே ஒரு சின்ன வகுப்பிலேயே பத்து நாட்டுப் பிள்ளைகள். ஒன்று அழுதால் எந்த மொழியில் சமாதானம் சொல்வதென்று தெரியாமல் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுப்பாள். அழுகை நின்றுவிடும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கணவன் ஜோசியா இங்கே ரயில்வே பணிமனையில். மகள் பேபியும் இங்கே. வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் குடும்பம் நடத்துவது போதுமென்று தோன்றி, திரும்பி வந்து கச்சிபௌலியில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்குச் சேர்ந்தாள்.

அங்கேதான் தலைவலி தொடங்கியது.

விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளி வேனில் ஏறுவாள். பாலாநகர் நெரிசலில் நிற்கிற வண்டி நகர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். பள்ளிக்குப் போனால் விதிகள். பிள்ளைகளிடம் 'கூடாது' என்று சொல்லக் கூடாது. 'உட்காரு' என்று சொல்லக் கூடாது. 'உனக்கான இடத்தைக் கண்டுபிடி' என்று சொல்ல வேண்டும். 'மிஸ்' என்று கூப்பிடுவது பழைய பாணியாம். பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஐந்து வயதுப் பொடியன் வந்து, "பெர்சிஸ், என் மூக்கு ஒழுகுது" என்பான். அவளும் சிரித்த முகத்தோடு துடைத்துவிடுவாள்.

"மஸ்கட்லயும் இன்டர்நேஷனல்தான், இங்கயும் இன்டர்நேஷனல்தான்" என்று ஜோசியாவிடம் ஒருநாள் பொருமினாள். "அங்க நான் பிள்ளைங்களச் சமாளிக்கணும், அவ்வளவுதான். இங்க பிள்ளைங்க தங்கம். அதுங்களப் பெத்தவங்களுக்குத்தான் ஒரு டீச்சர் போடணும்."

"கைக்கு இவ்ளோ டென்ஷன்? சம்பளத்த வாங்கிட்டு சும்மா இரு" என்றான் ஜோசியா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். 'எதுக்கு' என்பது அந்த ஊர் உருதுவில் 'கைக்கு'.

அவள் வகுப்பில் தேஜஸ்வினி என்று ஒரு சிறுமி. அப்பா லட்சுமணனுக்கு ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி. அம்மா சுமலதா ஒரு ஐ.டி. அலுவலகத்தில் இருக்கிறாள். தெலுங்குக் குடும்பம்தான், ஆனால் சுமலதா வேலூரில் படித்தவள் என்பதால் பெர்சிஸைப் பார்த்தால் தமிழில் பேசுவாள். பொங்கலுக்கு விட்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அவள் ஒரு நீலப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே மூடி போட்ட ஒரு சின்னக் குப்பி, அதில் ஏதோ திரவம், சுற்றிலும் ஐஸ் பொதி.

"மிஸ், தேஜுவுக்கு முன்பல் ஆடுது. ஸ்கூல்ல விழுந்தா உடனே இதுல போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க. லேப்ல இருந்து வந்து எடுத்துப்பாங்க."

"பல்லையா?"

"ஆமா மிஸ். பால் பல்லுல இருக்கிற செல்லை எடுத்துப் பத்திரமா வெப்பாங்களாம். பின்னாடி ஏதாச்சும் வியாதின்னா உதவுமாம். அவங்க டாடி பணம் கட்டிட்டாரு."

பெர்சிஸ் பையை வாங்கி, ஆசிரியர் அறை ஃபிரிட்ஜில் தயிர் டப்பாக்களுக்கு நடுவில் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் செய்த முதல் வேலை, தேஜஸ்வினியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது. பல் ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்னப் பல்லை நினைத்து, சிறுமிக்கு ஆப்பிள் துண்டுகளைக் கொடுக்கக்கூடப் பெர்சிஸுக்குப் பயமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மதியம், ஒரு பையன் காலணிக்குள் நீலப் பெயின்ட்டை ஊற்றிக்கொண்டுவிட்டான். பெர்சிஸ் அவனைக் குழாயடியில் நிறுத்திக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் ஆயா லூர்துமேரியின் பார்வையில் மணல் குழியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது தேஜஸ்வினி குதித்துக்கொண்டு உள்ளே வந்தாள். உதட்டோரம் லேசான ரத்தம். முகமெல்லாம் சிரிப்பு. முன்வாயில் ஒரு ஓட்டை.

பெர்சிஸ் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "தேஜு, பல் எங்கடா?"

"மணல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சிறுமி நாக்கை அந்த ஓட்டைக்குள் விட்டு விட்டு எடுத்தாள்.

சுமலதாவுக்குச் சொன்ன சிறிது நேரத்துக்கெல்லாம் லட்சுமணன் நேராகப் பிரின்சிபலுக்கு ஃபோன் செய்துவிட்டார். பிரின்சிபல் கனடாக்காரர்; கீழே இறங்கி வருவதில்லை. அவருக்குப் பதிலாக ஸ்டெல்லா வந்தாள். சின்ன வகுப்புகளுக்கு அவள்தான் பொறுப்பு. அவளும் செகந்திராபாத் தமிழ்ப் பெண்தான், ஆனால் பள்ளி வளாகத்துக்குள் தமிழ் அவள் வாயில் வராது. கோபம் வந்தால் மட்டும் வரும். அன்று வந்தது.

"பெர்சிஸ், அந்தப் பல்லு இல்லாம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. மணல சலிச்சாவது எடுங்க."

"ஸ்டெல்லா, அந்தக் குழி ஒரு ரூம் அளவு இருக்கு. கைக்கு என்னப் போட்டுப் படுத்துறீங்க?"

"எனக்குத் தெரியாது. தேஜு டாடி ஸ்கூல் போர்டுல இருக்கிறவருக்கு ஃபிரெண்டு."

பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டு, சமையலறையிலிருந்து மைதா சலிக்கும் சல்லடையை வாங்கிவந்து, பெர்சிஸும் லூர்துமேரியும் குழிக்குள் இறங்கினார்கள். மேலே தகரக் கூரை. அந்த வெக்கையில் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருத்தி வாரிப் போட, ஒருத்தி சலித்தாள். ஹேர்பின் வந்தது. பொம்மைக் காரின் சக்கரம் வந்தது. பாதி தின்ற பிஸ்கட் ஒன்று கல்லாகிக் கிடைத்தது. பெர்சிஸ் தான் வாங்கிய பி.எட். பட்டத்தை நினைத்துக்கொண்டாள். மஸ்கட்டில் அந்த வேலையை விட்ட நாளை நினைத்துக்கொண்டாள். மணல் கண்ணுக்குள் போனது.

"மிஸ்! கெடச்சிடுச்சி!" என்று லூர்துமேரி கத்தினாள். உள்ளங்கையில் அரிசி மாதிரி ஒரு பல்.

பெர்சிஸ் "ஸ்தோத்திரம்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சல்லடையில் இன்னொன்று மின்னியது. இன்னும் ஒரு நடை சலித்தபோது மூன்றாவதும் வந்தது.

"இன்னா மிஸ் இது? பல்லுத் தோட்டமா போட்டு வெச்சிக்கிறாங்க?" என்றாள் லூர்துமேரி.

மூன்றையும் ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு பெர்சிஸ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். எது தேஜஸ்வினியுடையது? மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அப்பாடா. இதுல எது வெள்ளையா இருக்கோ அதக் கழுவிக் குப்பில போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"நக்கோ ஸ்டெல்லா, வேணாம். நான் செய்ய மாட்டேன்."

"ஒரு பல்லுதானே பெர்சிஸ்!"

"யாரு பெத்த பிள்ளையோட பல்லையோ எடுத்து இந்தப் பிள்ளைக்கு மருந்துன்னு பூட்டி வைக்கணுமா? நாளைக்கு தேஜுவுக்கு உண்மையிலேயே ஒரு வியாதி வந்து, அதத் திறந்து பார்த்தா? வேணும்னா நீங்களே போட்டு, நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் என் கையால குடுக்க மாட்டேன்."

ஸ்டெல்லா ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். இந்த வேலை இன்றோடு சரி என்று பெர்சிஸுக்குத் தோன்றியது. போனால் போகட்டும் என்றும் தோன்றியது.

சுமலதா வந்து சேர்ந்தபோது தேஜஸ்வினியைத் தவிர மற்ற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டிராஃபிக்கில் காரை விட்டிறங்கிக் கடைசிக் கொஞ்ச தூரம் நடந்தே வந்திருந்தாள். வகுப்பறையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். பெர்சிஸ் காகிதத்தைப் பிரித்து எதிரே வைத்தாள்.

"மேடம், மூணு பல்லு கெடச்சிருக்கு. எது தேஜுவோடதுன்னு எனக்குத் தெரியலை. தெரியும்னு பொய் சொல்ல எனக்கு மனசு வரலை."

சுமலதா பற்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மிஸ், மணல்ல விழுந்த பல்லு லேபுக்கு ஆகாது. விழுந்த உடனே குப்பிக்குள்ள போயிருக்கணும்" என்றாள்.

பெர்சிஸ் தன் கைகளைப் பார்த்தாள். தலைமுடியிலெல்லாம் மணல். நகக்கண்ணில் மணல்.

"அப்புறம் எதுக்கும்மா நாங்க ரெண்டு பேரும் மத்தியானத்துலேர்ந்து சலிச்சிக்கிட்டு இருந்தோம்?" குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. 'மேடம்' எங்கேயோ போய்விட்டது.

"நான் சலிக்கச் சொல்லல மிஸ். அவரு என்னைக் கேக்காமலே ஃபோன் பண்ணிட்டாரு. நான் வர்ற வழியில சொல்லலாம்னு பார்த்தா உங்க நம்பர் எடுக்கல." அவள் கண்களும் கலங்கியிருந்தன. "இந்த ஒரு மாசமா என் ஹேண்ட்பேக்லயும் ஒரு குப்பியும் ஐஸ் பொதியும்தான் மிஸ். மீட்டிங்ல உட்கார்ந்தா லேப்டாப் மேல தண்ணி சொட்டுது. ராத்திரி விழுந்தா முழுங்கிடுவாளோன்னு முழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தேஜஸ்வினி மெல்ல எழுந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள்.

பெர்சிஸ் அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "தேஜு, மிஸ்ஸுக்குக் கோபம் இல்ல. உண்மையைச் சொல்லு. பல்லு மணல்லதான் விழுந்துச்சா?"

சிறுமி வெகு நேரம் காலணியையே பார்த்தாள். அப்புறம் ஒரு விரலை மேலே காட்டி, "பைன" என்றாள். மேலே என்று தெலுங்கில்.

"மேலயா? எங்க?"

மணல் குழியின் தகரக் கூரை மேலே. கூடப் படிக்கும் கொரியப் பையன் மின்ஜுன் சொன்னானாம்: அவன் ஊரில் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவார்களாம், பறவை வந்து எடுத்துக்கொண்டு புதுப் பல் கொண்டுவந்து தருமாம். அவள் எறிந்துவிட்டாள்.

"பின்ன ஏன் மணல்லன்னு சொன்ன?"

தேஜஸ்வினியின் உதடு பிதுங்கியது. "நாம எதையும் எறிய மாட்டோம்" என்று ஆங்கிலத்தில் ராகத்தோடு சொன்னாள். தினமும் காலையில் வட்டமாக உட்காரவைத்துப் பெர்சிஸே பாடிப் பாடிச் சொல்லிக்கொடுத்த விதி அது.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற லூர்துமேரி, "அது இன்னா தப்பு? எங்க வூட்லயும் கூரை மேலதான் வீசுவோம்" என்றாள்.

"எங்க வீட்லயும்தான்" என்றாள் சுமலதா. சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குட்டி நாற்காலி ஆட, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பெர்சிஸுக்கு உடனே சிரிப்பு வரவில்லை. முதுகு வலித்தது. ஆனால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த தேஜஸ்வினியைப் பார்த்ததும் அவளுக்கும் வந்துவிட்டது.

வாட்ச்மேன் ஏணி கொண்டுவரவா என்று கேட்டார். "வேண்டாம், விடுங்க" என்றாள் சுமலதா. "அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்." மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் லட்சுமணன் பள்ளிக்கு நீளமாக ஒரு மெயில் அனுப்பினார். கிடைத்த மூன்று பற்களைப் பற்றி லூர்துமேரி வேன் டிரைவரிடம் சொல்ல, அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், 'என் மகனுடையது அக்டோபரில் தொலைந்தது, படம் அனுப்ப முடியுமா' என்று கேள்வி மேல் கேள்வியாக வந்தது. ஒரு தாய், பல் கிடைத்தும் தங்களிடம் மறைத்தது ஏன் என்றே கேட்டுவிட்டாள். பெர்சிஸ் ஒவ்வொருவருக்கும் பணிவாகப் பதில் எழுதினாள். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலை போகவில்லை. சுமலதா பிரின்சிபலிடம் என்ன சொன்னாளோ, ஸ்டெல்லாவும் குப்பியைப் பற்றிப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது: இனி ஒவ்வொரு சின்ன வகுப்பிலும் ஆடும் பற்களை வாரந்தோறும் கவனிக்க வேண்டும், இதற்குப் பொறுப்பாளர், அனுபவம் கருதி, பெர்சிஸ்.

மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் வந்தது. அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள்.

"தினமும் வந்து திட்டுத. அப்புறம் எதுக்குக் கையெழுத்து?" என்றான் ஜோசியா.

"திட்டாம?" என்றாள் பெர்சிஸ். "இன்னைக்கு ஒருத்தன் வாயத் தொறந்து காட்டி, 'பெர்சிஸ், எனக்கு ஏன் இன்னும் ஆடவே இல்ல'ன்னு அழுதான். அரை மணி நேரம் அழுதான். என்னத்தச் சொல்ல?"

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு வாழைப்பழத்த உரிச்சிக் குடுத்தேன். வெளிச் சாப்பாடு குடுக்கக் கூடாதாம், நாளைக்கு அதுக்கு ஒரு மீட்டிங் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேனுக்காகக் கடிகாரத்தில் அலாரம் வைக்கப் போனாள்.