அறுநூறு கணினிகளும் ஒரு பூட்டுக்காரியும்

கம்பெனியில் அவளைப் பூட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்கு விற்கும் சின்னக் கணினிகளில் கம்பெனி அனுப்பும் மென்பொருளைத் தவிர வேறு எதுவும் ஏறாதபடி பூட்டுப் போடுவது அவள் வேலை. பதினோரு வருஷம் கண்ணும் கருத்துமாகப் பூட்டியவள், இப்போது பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவி எண்ணை வாங்குகிறவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

முதலாளி வேறு யாருமல்ல, அவள் அக்காள் புருஷன். வேலை போட்டுக் கொடுத்த மகராசனும் அவரே. அறுநூறு பெட்டிகள் லாரிக்காக வாசலில் காத்திருக்க, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"மென்பொருளோட மூல நிரலை சீடியில போட்டு உள்ள வச்சாச்சு. இன்னும் என்ன?"

"அத்தான், இதை எழுதினவங்க நமக்குச் சும்மாவா கொடுத்தாங்க? நிபந்தனை போட்டுத்தான் கொடுத்திருக்காங்க. வாங்கினவங்களுக்கு நிரலைக் கொடுக்கணும். அவங்க அதை மாத்தினா, அந்த மெஷின்லயே ஏத்தி ஓட்டவும் வழி கொடுக்கணும். மாத்திட்டு வேடிக்கை பார்க்கவா சீடி?"

"சாவி எண் யாருக்கும் கிடையாது. இஷ்டமில்லேன்னா இன்னைக்கே கிளம்பு. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாத்திரை அட்டையைக்கூட வரி விடாமல் படிக்கிறவள் அவள். அந்த நிபந்தனைகள் எழுதிய மென்பொருள் உரிமத்தை மூன்று தடவை படித்திருந்தாள்.

"கிளம்பறேன். அதுக்கு முன்னால, இன்னொரு வழியும் அதுல இருக்கு. யாராலயும், நம்மாலயும்கூட, இனிமே இதுல எதையும் ஏத்த முடியாதுன்னா சாவி எண் தர வேண்டாம். எல்லா எண்ணையும் இப்பவே அழிச்சிடறேன். அப்புறம் ஏதாவது கோளாறுன்னா உங்களாலயும் திருத்த முடியாது, அவ்வளவுதான்."

அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போன முறை விற்ற கணினிகளில் சத்தமே வராமல் போய், அப்டேட் அனுப்பித்தான் மனிதர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

"அம்மா தாயே, கையை எடு!"

கணினிக்கு ஒரு சீட்டு என்று முடிவாயிற்று. அந்தக் கணினியின் சாவி எண்ணும், மாற்றிய மென்பொருளை ஏற்றும் முறையும் அதில் இருக்கும். அவள் அடித்துக் கொடுத்த மாதிரிச் சீட்டை அத்தான் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"சந்தேகம்னா யாரைக் கேக்கணும்னு போடலையே?"

"நான்தான் கிளம்பறேனே. உங்க நம்பரைப் போடவா?"

"எனக்கு இதுல என்ன தெரியும்? உன் நம்பரைப் போடு." சீட்டை நீட்டினார். "ஃபோன் வந்தா எடுக்க ஆள் வேணும். நாளைக்குச் சீக்கிரம் வந்துடு."