காலெடுக்காதீங்க, ஏமானே

என் தம்பி நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தான். மலையாள சர்க்காரின் கீழ் தமிழர் வாழும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த வருடங்களில், ஊர்வல நோட்டீஸ்களையும் அவன்தான் எழுதினான். ஒருநாள் போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போனது. “எந்தக் கையாடா இது எழுதியது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். தம்பி வலது கையைக் காட்டினான். அதை மேசைமேல் வைக்கச் சொல்லி லத்தியால் அடித்தார். அதற்குப் பிறகு மூன்று விரல்கள் மடங்கவே இல்லை.

அன்று முதல் எனக்கு வேறு நினைப்பில்லை. இரண்டு முறை வெட்டுக்கத்தியை வேட்டிக்குள் செருகிக்கொண்டு உதியன்குளங்கரை ஜங்ஷனில் அவர் ஜீப்புக்காகக் காத்து நின்றேன். இரண்டு முறையும் ஜீப் நிற்காமல் போய்விட்டது.

நான் யுத்தத்தில் சாப்பராக இருந்து திரும்பியவன். இத்தாலியில் கண்ணிவெடி தேடுவது என் வேலை. நீண்ட கழியின் நுனியில் ஒரு வட்டத் தகடு, முதுகில் பாட்டரிப் பெட்டி, காதில் ஹெட்போன். தகட்டுக்குக் கீழே இரும்பு இருந்தால் காதுக்குள் கீச்சென்று அலறும்.

பாறசாலைக்குக் கிழக்கே மரச்சீனிக்கிழங்கு நட்ட ஒரு விளையில் கிளர்ச்சிக்காரர்கள் வெடிகுண்டு புதைத்திருக்கிறார்கள் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். பட்டாளம் கழித்துப்போட்ட கருவி ஒன்றை போலீஸ் எங்கிருந்தோ கொண்டுவந்தது. அதை இயக்கத்தான் ஆளில்லை. ஒரு கான்ஸ்டபிள் என்னைத் தேடி வந்தான். “இன்ஸ்பெக்டர் ஏமான் விளிக்காரு. ஒனக்கு அந்த மெஷின் அறியுமில்லியா?”

உடனே கிளம்பிவிட்டேன்.

விளையில் இன்ஸ்பெக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “வீட்ல வேற ஆரு உண்டு?”

“தம்பி உண்டு, ஏமானே.”

அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தான் நொறுக்கிய கை யாருடையது என்ற நினைவு, ஒரு ஓர்மைகூட அவருக்கு இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றுமில்லை. விளையின் நடுவில் நின்று அவர் சிகரெட் பற்றவைத்தார். தகட்டை அவர் காலருகே கொண்டுபோனேன். கருவி அலறியது. மண்ணில் எதுவும் இல்லை, அவர் பூட்ஸின் அடியில் அடித்திருந்த இரும்பு லாடம்தான் அலற வைத்தது. முதல் நாளே சாப்பருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அவருக்கு அது தெரியாது.

“காலெடுக்காதீங்க, ஏமானே.”

“எந்தாடா?”

ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். தகட்டை மறுபடி பூட்ஸ் பக்கம் நீட்டினேன். சிகரெட் அவர் வாயிலிருந்து விழுந்தது.

“கால எடுத்தா வெடிக்குமாக்கும். குத்திப் பாக்க ஒரு கம்பி வேணும். வீட்ல இருக்கு. எடுத்துட்டு வாறேன்.”

கான்ஸ்டபிள்கள் கையாலைக்கு அப்பால் ஓடி மண்சுவரின் மறைவில் குந்திக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு மெதுவாக நடந்தேன். கஞ்சி குடித்தேன். கம்பியை எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு திரும்பியபோது வெயில் உச்சியில் நின்றது. ஊர் முழுக்கத் தூரத்தில் கூடியிருந்தது. அவர் அதே இடத்தில் நின்றார். காக்கி நிக்கர் நனைந்து, ஈரம் முழங்கால் வரை இறங்கியிருந்தது.

பத்தடி தள்ளி மண்டியிட்டு, கம்பியை மண்ணில் சாய்த்துக் குத்தி, விரற்கடை விரற்கடையாக அவரை நோக்கி நகர்ந்தேன்.

“வேகம், வேகம்,” என்றார்.

“வேகம் காட்டினா ரெண்டுபேரும் போயிருவோம். ஏமானே, அந்தச் சுவருகிட்ட நிக்கது எனக்க தம்பியாக்கும். அவனுக்க வலது கை ஓர்மை உண்டா?”

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். விறைத்த மூன்று விரல்களையும் எல்லோரும் பார்த்தார்கள்.

“ஓர்மை உண்டு,” என்று முணுமுணுத்தார்.

“அவனுக்குக் கேக்கல்ல.”

“ஓர்மை உண்டு!” என்று கத்தினார். அழுதும்விட்டார்.

அதன் பிறகும் கால் மணி நேரம் குத்தினேன். கடைசியில் அவர் பூட்ஸைத் தட்டி, “எடுக்கலாம். பழைய இரும்பாக்கும், வெடியில்ல,” என்றேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கான்ஸ்டபிள்கள் வந்து தூக்கிப் போனார்கள்.

இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜங்ஷனில் அவர் ஜீப்பை விட்டு இறங்கும்போதெல்லாம் டீக்கடைக்குள்ளிருந்து யாராவது “காலெடுக்காதீங்க” என்று சொல்வார்களாம்.

அன்று திரும்பி நடக்கும்போது தம்பி கேட்டான்: “அண்ணே, அவனுக்கு நெசமாவே ஓர்மை உண்டா, பயத்துல சொன்னானா?”

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

பிறகு எல்லை பிரிந்தது. நாங்கள் தமிழ்நாட்டோடு சேராமல் இந்தப் பக்கமே நின்றுபோனோம். தம்பியின் விரல்களும் மடங்கவில்லை. அன்று செய்தது தவறென்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. சாயங்காலம் வரை அவரை நிற்க வைத்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.