முடியைக் கழற்றி வைத்த யோகன்

மெட்ரோ லா சப்பல் நிலையத்தை விட்டுக் கிளம்பிய நேரத்தில் யோகனின் மகள் ஆரணியின் அழைப்பு வந்தது. "பப்பா போய்விட்டார்" என்று பிரெஞ்சில் சொன்னாள். செவ்ரானில் உள்ள வீட்டில், வேலைக்குப் புறப்படக் காலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படியா போவார்? "அட பாவி மனுஷா!" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

யோகனை உங்களில் பலர் ராஜாவாகத்தான் பார்த்திருப்பீர்கள். நான் புதுச்சேரிக்காரி, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாரசீக அரசர்களைப் பற்றிப் பிரெஞ்சில் படித்து, அவர்களைத் தமிழில் நாடகமாக்குவது என் பைத்தியம். அவர் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்து, ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியவர். சைரஸ், தாரியஸ் என்று நான் எழுதிய மன்னர்களுக்கெல்லாம் உயரமும் குரலும் கொடுத்தவர் அவர்தான். வேலை முடிந்து ஜவெல் சலவைத் திரவ வாசனையோடு வருவார், ராஜாவின் முடியை எடுத்துத் தலையில் வைப்பார், அவ்வளவுதான், ராஜா வந்துவிடுவார்.

கட்டிய பாலத்தைப் புயல் உடைத்துவிட்டது என்று செர்க்செஸ் மன்னன் கடலுக்கே சவுக்கடி கொடுக்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் காட்சியைப் படித்ததும் யோகன் தாளைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, இவனுக்கென்ன விசரோ? எங்கடை ஊரெண்டால் இவனைத் தூக்கிக் கடலுக்கையே போட்டிருப்பினம்." எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்: "இவன் பயந்தவன் அக்கா. ஆருக்கு அடிக்கிறதெண்டு தெரியாமல் அடிக்கிறான். நான் அதைக் காட்டுறன்." காட்டினார். சிரிக்கலாம் என்று வந்த சபை சிரிக்க மறந்தது. அரசர்களை அத்தனை நன்றாக நடித்த மனிதர் அவர்களை ஒருநாளும் நம்பியதில்லை.

இந்த வருடம் எழுதியது, தோள்களில் பாம்பு முளைத்த அரசனின் கதை. பாம்புகளுக்கு இளைஞர்களின் மூளைதான் இரை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு கொல்லன் சபைக்குள் வந்து அரசனைக் கேள்வி கேட்கிறான், தன் தோல் ஏப்ரனைக் கம்பில் கட்டிக் கொடியாகத் தூக்குகிறான். வழக்கம்போல் யோகனிடம் முடியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "ராசா வேண்டாம் அக்கா. கொல்லனைத் தாங்கோ." நான் காரணம் கேட்கவில்லை. அவருடைய மூத்த மகன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். எத்தனையோ படி ஏறியும் யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

முடி, எங்களுக்கு ரூ பஜோல் தெருப் பக்கம் மண்டபம் பிடித்துத் தரும் நகைக்கடை முதலாளியின் தலைக்குப் போனது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: ஒத்திகையில்கூட முடி வைத்தவருக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது. தேநீர் கொடுப்பவரும் நின்றபடிதான் கொடுக்க வேண்டும். யோகன் சமையலறை ஏப்ரனோடு வந்தார், மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்தார், ராஜாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "அரசே, என் மைந்தன் எங்கே?" என்று நான் எழுதியிருந்தேன். அவர் கேட்டது இப்படி: "என்ரை பிள்ளை எங்கை?"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "முடிக்கு முன்னாலை இருக்கிறதோ? எழும்பி நிண்டு கேளும்!"

"பிள்ளையைத் துலைச்சவனுக்குக் கால் உளையுது முதலாளி. மறுமொழியைச் சொல்லுங்கோ, எழும்புறன்."

அன்று ஒத்திகை அதோடு நின்றது. அந்தக் காட்சியே வேண்டாம், குடும்பங்கள் வருகிற இடம் என்றார் முதலாளி. யோகன் விடவில்லை. "கேக்காட்டிக் கொல்லன் என்னத்துக்கு மேடைக்கு வாறான்? தேத்தண்ணி குடிக்கவோ?"

தகனம் முடிந்து வெளியே வந்ததும் முதலாளி என்னை ஓரமாக அழைத்தார். "சனிக்கிழமை நாடகத்திலை அந்தக் காட்சியை விடுவம் அக்கா. முடியோடை இருக்கிற யோகன்ரை படத்தை மேடையிலை வைச்சு, மாலை போடுவம்." அந்தப் படம் அதற்குள் லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருந்தது. "முசியே, அவரே கழட்டி வெச்ச முடிய, செத்தப்புறம் அவர் தலையில வெக்காதீங்க" என்றேன். மண்டபம் கிடைக்காது என்றார். கிடைக்காவிட்டால் தெருவில் போடுவோம் என்றேன்.

நேற்று ஒத்திகை. முதலாளியும் வந்து முடியோடு உட்கார்ந்திருந்தார். கொல்லன் இல்லாமல் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது ஆரணி வந்தாள். அப்பா தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சிலேயே பதில் சொல்லி வளர்ந்த பெண் அவள். அப்பாவின் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். யாரையும் கேட்காமல் வாளியைக் கவிழ்த்து, முடிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ரை அண்ணா எங்கை?"

முதலாளி தலை குனிந்தபடியே, "சனிக்கிழமை மண்டபம் திறந்திருக்கும்" என்றார். நான் அப்போதுதான் அழுதேன்.

யோகனை அறிந்தவர்களே, மாலை கொண்டுவராதீர்கள். ஏப்ரன் ஆரணிக்கு உரியது, அவளே வைத்துக்கொள்ளட்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த வாளிதான். சனிக்கிழமை அது முடிக்கு நேர் எதிரே இருக்கும். பதில் வரும்வரை நாங்கள் எழும்பப்போவதில்லை.