அறுபது அடிக்கு ஒருமுறை நின்று: மாடம்பாக்கமும் பம்மலும்

1994 ஜூனில் ஓய்வு பெற்றேன். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் படிகளில் என் மனைவி கிரேஸால் ஏற முடியவில்லை, முழங்கால் வலி. நடக்காமல் இருந்தால் கால் முடங்கிவிடும் என்றார் மருத்துவர். அவள் நடக்கக்கூடிய தெரு வேண்டும். வீட்டில் கவனித்து வைத்திருந்தேன்: அறுபது அடி நடப்பாள், ஒரு நிமிடம் சுவரைப் பிடித்து நிற்பாள். அதே கணக்கில் நானே நடந்து பார்க்க, ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகக் கிளம்பினேன்.

காலை 7.10, மாடம்பாக்கம். புதிய மனைப்பிரிவு, நல்ல காற்று, வேப்பமரங்கள். பார்க்கப் போன வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் 420 அடி. ஆறு முறை நின்றேன். ஒரு முறை வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்தேன். ஒரு ஜன்னல் திரை அசைந்தது. அவ்வளவுதான்.

தாம்பரம் திரும்பி, பல்லாவரம் வரை மின்சார ரயில் (இரண்டு ரூபாய் என்று நினைவு), அங்கிருந்து பேருந்தில் பம்மல். இறங்கும்போது 10.40. தோல் பதனிடும் நெடி தொண்டையைப் பிடித்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சந்துக்குள் நடந்தேன். 120ஆவது அடியில், இரண்டாம் முறையாக நின்றபோது, அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா சார், மயக்கமா கீதா? மூஞ்சி வெளுத்துப் போய்க்கீது. இரு, சேர் எடுத்தாரேன்."

நாற்காலியும் வந்தது, சோடாவும் வந்தது. எனக்குப் பொய் வராது, உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ நடந்தா அவங்க முட்டி சரியாப் பூடுமா? வூட்டுக்காரம்மாவையே இட்டாந்திருக்கலாமே சார்!"

"இந்த நாற்றம்...?"

"காத்து இப்டி திரும்புனா சோறு எறங்காது. பயகிப் பூடும்." சொல்லிவிட்டு இருமினார். நான் அங்கிருந்த இருபது நிமிடத்தில் மூன்று முறை இருமினார், குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு ஊர்களின் கணக்கையும் கிரேஸிடம் நீட்டினேன். இருமலை எழுதியிருந்த வரியையும் காட்டினேன். நெடுநேரம் படித்தாள்.

"அந்தச் சேர் எத்தனாவது அடியில வந்துச்சு?"

"நூற்று இருபது."

"அங்கேயே பாருங்க."

பதினோரு ஆண்டுகள் பம்மலில் இருந்தோம். கிரேஸ் தினமும் நடந்தாள். இரண்டு முறை விழுந்தாள். நான் போய்ச் சேருவதற்குள் இரண்டு முறையும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஏழாம் ஆண்டில் அவளுக்கு இருமல் தொடங்கியது, நிற்கவேயில்லை. காற்றினாலா, வயதினாலா என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. மாடம்பாக்கத்தில் இன்னொரு முறை நடந்து பார்த்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். அன்று போனது வேலை நாள், காலை ஏழு மணி. யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

வயதானவர்களுக்காக வீடு பார்ப்பவர்கள் ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். காற்று திரும்பும் நேரத்தில் ஒருமுறை, தெருவில் ஆட்கள் இருக்கும் நேரத்தில் ஒருமுறை போங்கள். நடக்கப்போகிறவரையும் கூட அழைத்துப் போங்கள். நான் அதைச் செய்யவில்லை.